பெயர்ப் பலகையில் இருக்கும் அந்தத் தாய்

நமது ஊர்களில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் ஒரு மொண்டிசோரி இருக்கும். மதிலில் வாத்தும் முயலும் கீறியிருப்பார்கள், வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் கிடக்கும். "புள்ளைய எந்த மொண்டிசூரிக்குப் போட்டிருக்கீங்க?" என்று உம்மாமார் ஒருவரையொருவர் கேட்பார்கள். அது ஒரு மனுஷியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. பாலர் பாடசாலைக்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் குறிப்பெடுத்திருப்போம். மரியா மொண்டிசோரி, இத்தாலி, 1870 முதல் 1952 வரை, பிள்ளை மையக் கல்வி, புலன் பயிற்சி. பரீட்சையில் எழுதினோம், புள்ளி வாங்கினோம், அத்தோடு முடிந்தது.

அந்தக் குறிப்பில் இல்லாத ஒரு விஷயத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன். நீளமான பதிவு. வேலைக்குப் போகும் உம்மாமாரும் அவர்களைப் பற்றிக் கதைப்பவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த இந்தப் பெண்ணால் தான் பெற்ற ஒரே பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க முடியவில்லை. ஏறத்தாழ 15 வருடங்கள் அவன் அடுத்தவர் வீட்டில் வளர்ந்தான்.

மரியா பிறந்தது 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி, இத்தாலியின் கிழக்குக் கரையோரம் அன்கோனாவுக்கு அருகில் உள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில். தந்தை அலெசாண்ட்ரோ, அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலையோடு தொடர்பான நிதித் துறை அதிகாரி. தாய் ரெனில்டே, அந்தக் காலத்துப் பெண்களில் நன்றாக வாசித்தவர். ஒரே பிள்ளை. 1875இல் குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

13 வயதில் பொறியியல் படிக்கும் ஆசையோடு ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலைக்குப் போனார். பிறகு மனம் மாறி வைத்தியம் என்றார். தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாய் பக்கத்தில் நின்றார். பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்கை விஞ்ஞானத்தில் சேர்ந்து, அந்தத் தகுதியைக் காட்டி 1893இல் வைத்திய பீடத்துக்குள் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் நிர்வாண உடலைப் பார்ப்பது தகாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பிரேத பரிசோதனைப் பயிற்சியை எல்லோரும் போன பிறகு தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. மருந்து வாடையைத் தாங்க முடியாமல் புகையிலை பிடித்தாராம். 1896இல் வைத்தியராக வெளியே வந்தார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் என்று நமது கையேடுகள் எழுதுகின்றன. அது சரியில்லை, அவருக்கு முன்பே சிலர் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் விரல் விட்டு எண்ணக்கூடிய தொகைதான்.

அதே வருடம் பெர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்கு இத்தாலி சார்பில் போனார். அங்கு அவர் பேசிய விடயம் முக்கியமானது. வேலை செய்யும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று பேசினார். அப்போது வயது 26.

ரோமின் மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் உதவி வைத்தியராக வேலை. அந்தக் காலத்தில் புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும் மனநோயாளிகளோடு ஒரே கட்டிடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்த பாண் துண்டுகளைப் பொறுக்குவதைப் பார்த்து, பெருந்தீனி என்று காவல்காரப் பெண் முகம் சுளித்தாளாம். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் பிடிக்க, தொட, உருட்ட அந்த அறையில் வேறு எதுவுமே இல்லை. பசித்தது வயிறு அல்ல, கை என்று அவருக்கு விளங்கியது. பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய முறைக்கு முதல் விதை அங்கேதான் விழுந்தது.

அந்த நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர் ஜூசெப்பே மொன்டெசானோ என்ற வைத்தியர். பெயர் ஒற்றுமையால் குழம்பிவிட வேண்டாம், இருவரும் சொந்தக்காரர் அல்லர். இருவருக்கும் இடையில் உறவு ஏற்பட்டது. 1898 மார்ச் 31ஆம் திகதி ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. மரியோ என்று பெயர்.

அவர்கள் திருமணம் செய்திருக்கவில்லை. நமது மார்க்கம் இதை எப்படிப் பார்க்கும் என்று நீங்கள் கேட்கு முன்னமே எனக்குத் தெரியும். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. திருமணம் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விதான் இங்கே முக்கியம்.

அன்றைய இத்தாலியில் ஒரு படித்த பெண் திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. சட்டமும் அப்படித்தான் இருந்தது. கணவனின் அனுமதி இல்லாமல் மனைவி தன்னுடைய சொந்தச் சொத்தைக்கூட விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. 1919இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். ஆகவே மரியாவுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டுதான். திருமணம் செய்தால் பிள்ளை இருக்கும், வைத்தியம் போகும். திருமணம் செய்யாமல் பிள்ளையை வெளியில் காட்டினால் வைத்தியமும் போகும், மானமும் போகும்.

மூன்றாவதாக ஒரு வழியை எடுத்தார்கள். பிள்ளையை மறைப்பது. மகள் பாடுபட்டுப் பெற்ற எல்லாம் பாழாகிவிடும் என்று தாய் ரெனில்டே அஞ்சினார், மறைப்பதில் அவருடைய பங்கு பெரியது என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரோமுக்கு வெளியே நாட்டுப்புறத்தில் ஒரு பாலூட்டும் பெண்ணிடம் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது.

பாலூட்டும் தாய் என்றதும் நம்மில் பலருக்கு ஹலீமா ஸஃதிய்யா நாயகியின் நினைவு வரும். அது ஊரறிய, கண்ணியத்தோடு நடந்த வழக்கம். பிள்ளை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மரியோவின் விடயத்தில் பிள்ளைக்கே தெரியாது.

இப்போது திகதிகளைக் கொஞ்சம் பாருங்கள். மார்ச் 31இல் பிரசவம். அதே வருடம் செப்டம்பரில் டூரின் நகரில் நடந்த தேசியக் கல்வி மாநாட்டு மேடையில் மரியா நிற்கிறார். குறைபாடுள்ள பிள்ளைகளை வைத்தியசாலையில் பூட்டி வைப்பது தீர்வல்ல, அவர்களுக்குத் தேவை கல்வி என்று பேசுகிறார். சபையே அதிர்ந்தது. இத்தாலி முழுக்கப் பெயர் பரவியது. அந்த நேரம் அவருடைய பிள்ளைக்கு வயது ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதம் என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நமது ஆசிரியைமாருக்கு அரசாங்கம் தரும் பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு, நான்கரை மாதம். அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாளும் சம்பளமில்லாமல் இன்னும் 84 நாளும் எடுக்கலாம். ஆனால் வீட்டுக் கடன் கட்டும் குடும்பங்களில் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? ஆகவே ஐந்து மாதப் பிள்ளையை உம்மாவிடமோ மாமியிடமோ கொடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி, முதல் பாடவேளைக்குள் வகுப்பில் நிற்பவர்கள் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இருக்கிறார்கள். இடைவேளையில் ஒரு மூலையில் திரும்பி நின்று போனில் கதைப்பார்கள். "பால் குடிச்சானா? அழுதானா?" அவ்வளவுதான் கேட்பார்கள். மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரம் 7க்குப் போய்ப் பின்னம் படிப்பிப்பார்கள்.

மரியாவிடம் போன்கூட இல்லை.

1900இல் ரோமில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இணைப் பணிப்பாளர்கள் இருவர்: மொண்டிசோரி, மொன்டெசானோ. காலை முதல் மாலை வரை பிள்ளைகளோடு, இரவில் அன்று கண்டதை எழுதுவது. புத்தி இல்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பிள்ளைகளோடு அரசாங்கப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்கள். எல்லோரும் பாராட்டியபோது மரியா வேறொன்று கேட்டார்: இவர்களே இப்படிச் செய்ய முடியுமென்றால், சாதாரணப் பாடசாலைகளில் நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? நம் எல்லோருக்கும் கொஞ்சம் சுடும் கேள்விதான்.

திருமணம் செய்யாவிட்டாலும் வேறு யாரையும் திருமணம் செய்வதில்லை என்று இருவருக்கும் இடையில் ஓர் உடன்பாடு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 1901இல் மொன்டெசானோ இன்னொரு பெண்ணைத் திருமணம் செய்தார். மரியா அதே வருடம் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். தினமும் காலையில் அவரோடு ஒரே மேசையில் உட்கார முடியாது அல்லவா.

இதையும் கவனியுங்கள். அதே பிள்ளைக்கு வாப்பா மொன்டெசானோ. அவருடைய வேலை போகவில்லை. பதவி போகவில்லை. திருமணம் செய்தார், குடும்பம் நடத்தினார், இத்தாலியில் குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கு முன்னோடி என்ற பெயரும் எடுத்தார். வேலையா பிள்ளையா என்று அவரிடம் யாரும் கேட்டதாக நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

மரியா அதன் பிறகு திரும்பவும் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மானிடவியல், மெய்யியல், கல்வி என்று படித்தார். 1904 முதல் ரோம் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் விரிவுரை. இடையிடையே நோயாளிகளைப் பார்ப்பார். இடையிடையே நாட்டுப்புறத்துக்கும் போவார். அவ்வப்போது ஓர் அழகான பெண்மணி வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போவார் என்பதுதான் மரியோவுக்கு இருந்த சின்ன வயது ஞாபகம். யார் அது என்று ஒருவரும் சொல்லவில்லை.

1907க்கு வருவோம். என் பார்வையில் இந்தக் கதையின் நடு இதுதான்.

ரோமில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. 1880களில் கட்டிட வியாபாரம் சூடாக இருந்தபோது அவசரமாக எழுப்பி, பணம் முடிந்ததும் அரைகுறையாக விட்டுப்போன மாடிக் கட்டிடங்கள். ஏழைகள் குடியேறினார்கள். பிறகு எடோர்டோ தலாமோ என்ற பொறியியலாளரின் கம்பனி அவற்றைத் திருத்தி வாடகைக்குக் கொடுத்தது. தாயும் தகப்பனும் விடிய எழும்பி வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். பாடசாலை வயது வராத சின்னதுகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து புதிதாகப் பூசிய சுவர்களையெல்லாம் கீறி நாசமாக்கின. கம்பனிக்கு நட்டம். சுவரைத் திரும்பத் திரும்பப் பூசும் செலவுக்கு, இந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் போட்டால் மலிவு என்று கணக்குப் போட்டார்கள். மொண்டிசோரி கல்வியின் பிறப்புக்குக் காரணம் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு என்று சொன்னால் பிழையில்லை.

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் இதை ஏற்பாரா? மரியா ஏற்றார். 1907 ஜனவரி 6ஆம் திகதி ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு முதலாவது "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. பெரியவர்களின் வாங்குகளை எடுத்துவிட்டு, பிள்ளையே தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய மேசை, கதிரை செய்வித்தார். குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகச் செய்த கற்றல் உபகரணங்களைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு வயதுப் பிள்ளைகள் தாமாக எழுதத் தொடங்கின. மிச்சத்தை நீங்கள் பயிற்சிக் குறிப்பில் படித்திருப்பீர்கள், அதற்குள் நான் போகவில்லை.

ஆனால் குறிப்பில் வராத பகுதி ஒன்று உண்டு. சில மாதங்களுக்குப் பிறகு, ஏப்ரலில், இரண்டாவது இல்லம் திறந்தபோது மரியா ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். அது அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. அந்த உரையில் பிள்ளைக்குச் சமமாகத் தாயும் வருகிறாள். வேலைக்குப் போகும் தாய்.

இல்லம் அவள் குடியிருக்கும் அதே கட்டிடத்துக்குள் இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டு மன நிம்மதியோடு வேலைக்குப் போகலாம். போகும் போதும் வரும் போதும் எட்டிப் பார்க்கலாம். பொறுப்பாக இருக்கும் ஆசிரியையும் அதே கட்டிடத்தில்தான் குடியிருக்க வேண்டும். இதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை, சுவரைப் பழுதாக்காமல் பார்த்துக்கொண்டால் மிச்சமாகும் காசில் நடக்கும். தாய்க்கும் கடமை உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடுப்போடு அனுப்ப வேண்டும். கிழமைக்கு ஒரு தடவையாவது வந்து ஆசிரியையோடு பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டும். இந்த விதிகளை எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். கிழமைக்கு ஒரு தடவை! பெற்றோர் கூட்டத்துக்குத் தவணைக்கு ஒரு முறை ஆள் சேர்க்க நாம் படும் பாடு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் இந்தத் தேவை என்று நினைக்காதீர்கள், படித்த பெண்களுக்கும் இதுதான் நிலை என்றார். பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியைகள், வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பெண்கள், இவர்களும் தங்கள் பிள்ளைகளை எழுத்தறிவில்லாத வேலைக்காரிகளிடம் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள் என்றார். இல்லம் பற்றிய செய்தி வெளியானதும் வசதியான குடும்பங்களிலிருந்தே, எங்கள் கட்டிடத்திலும் இப்படி ஒன்று வேண்டும் என்று கடிதங்கள் வந்து குவிந்ததாகவும் சொன்னார். பிள்ளை பார்ப்பதைப் போலவே நோயாளிக்கு ஒரு பராமரிப்பு அறை, எல்லோருக்கும் ஒரு பொதுச் சமையலறை என்று இன்னும் தூரம் போகிறார். தாயின் வேலையில் ஒரு பகுதியைச் சமூகம் தன் தோளில் ஏற்க வேண்டும் என்பதுதான் சாரம்.

மேடையில் நின்று இதைச் சொன்ன பெண்ணுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். சபையில் இருந்த எவருக்கும் தெரியாது. உரையில் ஓரிடத்திலும் தன்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதவுமில்லை. ஆனால் வேலைக்குப் போகும் ஆசிரியையின் பிள்ளை யார் கையில் வளர்கிறது என்று அவர் பேசும் அந்த வரிகளை, 1898 தெரிந்த பிறகு என்னால் சாதாரண உரையாக வாசிக்க முடியவில்லை.

வேலையையும் வீட்டையும் "சமாளிப்பது" என்று நாம் சொல்கிறோம். அது பெண்ணின் கெட்டித்தனம் போலப் பேசுகிறோம். "அவ கெட்டிக்காரி, ரெண்டையும் சமாளிக்கிறா", "இவவால ஏலாது". மரியாவை விடக் கெட்டிக்காரியை நான் வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவராலும் ஏலாமல் போனது. அவரிடம் புத்தி இருந்தது, துணிவு இருந்தது, உடல் பலம் இருந்தது, பட்டம் இருந்தது. பிள்ளையோடு வேலைக்குப் போவதை ஏற்கும் ஒரு நாடு மட்டும் இருக்கவில்லை. சான் லொரென்சோவில் துணி துவைத்துப் பிழைத்த பெண் மாலையில் படியிறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு அவளுடைய கெட்டித்தனம் காரணமல்ல, கீழ் மாடியில் ஓர் அறை இருந்தது.

நமது நாட்டில் பெரும்பாலும் அந்த அறையின் பெயர் உம்மம்மா. ஓய்வுபெற வேண்டிய வயதில் முழங்கால் வலியோடு பேரப் பிள்ளையைத் தூக்கித் திரியும் அந்த மனுஷிகளை நம்பித்தான் நமது பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் நடக்கின்றன. உம்மம்மா இல்லாதவள், அல்லது தூர மாவட்டத்துக்கு நியமனம் கிடைத்தவள் என்ன செய்கிறாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1909இல் புத்தகம் வந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் ரோமுக்கு வரத் தொடங்கினார்கள். 1912 டிசம்பரில் தாய் ரெனில்டே மௌத்தானார். சில மாதங்களில், 1913இல், மரியோ மரியாவிடம் வந்து சேர்ந்தான். வழக்கம் போலப் பார்க்க வந்த பெண்மணியிடம் அவனே போய், நீங்கள்தான் என் தாய் என்று எனக்குத் தெரியும், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிக் காரில் ஏறினானாம். 15 வயதுப் பையன். மரியா மறுக்கவில்லை.

ஆனால் வெளியாருக்கு அவன் மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிமுகம். 1915இல் இருவரும் அமெரிக்கா போனார்கள். சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறைக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் நின்று பிள்ளைகள் படிப்பதைப் பார்த்தார்கள். அந்த நாளிலிருந்து கடைசி வரை மரியோ தாயின் செயலாளர், மொழிபெயர்ப்பாளர், பயிற்சியாளர், காவலாளி எல்லாமாக இருந்தார். 1929இல் சர்வதேச மொண்டிசோரி சங்கத்தை இருவரும் சேர்ந்தே தொடங்கினார்கள். கைவிட்டுப் போன தாய் என்று அவர் கோபித்ததாக நான் எங்கும் காணவில்லை. இழந்த காலத்தை இருவரும் வேலையின் மூலமே மீட்டெடுத்தார்கள் போலிருக்கிறது.

முசோலினியோடு ஒத்துப்போகாமல் 1934இல் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. 1936இல் உள்நாட்டுப் போர் வந்து ஸ்பெயினிலிருந்தும் ஓட வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் அடைக்கலம். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். மரியாவுக்கு 69 வயது. மரியோவுக்கு இதற்குள் நான்கு பிள்ளைகள். அவர்களை நெதர்லாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். சில மாதங்கள் என்று வந்தவர்களை உலகப் போர் ஏழு வருடம் தடுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொண்டவர் ஆடா பியர்சன் என்ற பெண். போர் முடிந்த பிறகு அவரைத்தான் மரியோ மறுமணம் செய்தார். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு பெண் அடுத்தவரின் பிள்ளையைத் தூக்கி வளர்த்திருக்கிறாள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர் பிரித்தானியருக்கு எதிரி நாட்டவர். மரியோவை அஹமத்நகர் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். மரியாவை அடையாறு வளவுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். 1913இல் வந்து சேர்ந்த மகன் திரும்பவும் கையை விட்டுப் போனான்.

ஓகஸ்ட் 31 அவருடைய 70ஆவது பிறந்த நாள். அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. உங்கள் பிறந்த நாளுக்கு என்ன தரலாம் என்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பித் தருகிறோம் என்ற கருத்தில். வளர்ப்பு மகன், மருமகன் என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் மகன் என்றே அதில் இருந்தது. பிள்ளை பிறந்து 42 வருடங்கள் கழித்து, அவரைத் தடுத்து வைத்திருந்த அரசாங்கம் ஒரு தந்தியில் அந்தச் சொல்லை எழுதியது.

அடையாறில் ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேரளவில் பயிற்சி பெற்றார்கள். 1942இல் கொடைக்கானலுக்குப் போனார்கள். அங்கே அவரோடு வேலை செய்தவர்களில் நமது நாட்டுப் பெண் லீனா விக்ரமரத்னவும் ஒருவர். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவுக்குப் போய் இந்தக் கல்வியைப் பரப்பினார். 1944இல் மரியாவே இலங்கைக்கு வந்து, அரசாங்கம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சி நெறி ஒன்றை நடத்தினார். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் பற்றி அரச சபையில் சூடாக விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நமது ஒழுங்கைகளில் தொங்கும் அந்தப் பலகைகளுக்கும் அவருக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது. அந்தப் பெயருக்குத் தனியுரிமை இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் பலகை தொங்கவிடலாம் என்பது வேறு விஷயம்.

அதே 1944இல்தான் மனிதப் பிள்ளையின் முதல் மூன்று வருடங்களைப் பற்றி மட்டும் 30 விரிவுரைகள் கொடுத்தார். பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை பிள்ளை சுற்றியுள்ள எல்லாவற்றையும் எப்படி உறிஞ்சி எடுக்கிறது, மொழி எப்படி வருகிறது, தாயின் முகமும் குரலும் அதற்கு என்ன என்று. 74 வயதை நெருங்கிய பெண். 1898 முதல் 1901 வரையான அவருடைய சொந்த மூன்று வருடங்கள் நாட்டுப்புற வீடொன்றில் கழிந்துவிட்டன. மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றவர் மரியோ.

1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள். 1949, 1950, 1951 என்று மூன்று முறை சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மரியாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமானார். மரண சாசனத்தைத் திறந்தபோது எல்லாவற்றையும் மரியோவுக்கு எழுதியிருந்தார். "என் மகன்" என்று எழுதியிருந்தார்.